தள்ளிப் பார்த்து வாங்கிய வண்டி

மகனே,

நலம் விசாரிப்பதையெல்லாம் உன் அம்மா தனியாக எழுதிவிட்டாள். இந்தக் கடிதத்தில் அது இருக்காது. நான் கோபமாக இருக்கிறேன்.

போன மாதம் கோலசிலாங்கூர் கடைத்தெருவில் மோட்டார் சைக்கிள் விற்கும் சீன முதலாளி, நம் தவுக்கேயிடம் போனேன். வாசலில் ஒரு சின்ன வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்றின. பெரிய வண்டியில் கால் விரல் மட்டும்தான் தரையைத் தொடும். தவுக்கே எனக்குத் தேநீர் வரவழைத்தார். மழையைப் பற்றிப் பேசினார். உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார். வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. இவரிடம்தான் நான் இருபது வருஷமாக வண்டி வாங்குகிறேன், பழுது பார்க்கிறேன். நானாகவே கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, இது வேணாம் லா. சைக்கிள் பாரு. நல்ல சைக்கிள் இருக்கு."

"சைக்கிள்ல சபாக் வரைக்கும் எப்படிய்யா போறது?"

"போவாதே லா. அதான் ஒன் மகன் சொல்லிச்சி. அப்பா வந்தா வண்டி குடுக்காதே சொல்லிச்சி. நானும் ஒரு அப்பாதான். எப்படிக் குடுக்கறது?"

தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னோடு சண்டை போட்டேன். பெரிய வண்டியின் சத்தத்தில் நான் வாய்விட்டுப் பேசியது யாருக்கும் கேட்டிருக்காது. உனக்கும் கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தனியாக எழுதினால் பாதியில் மடித்து வைத்துவிட்டு, "அப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று பெண்வீட்டாரிடம் சிரித்துக்கொண்டே சொல்வாய். பத்திரிகைக்கே அனுப்புகிறேன். ஆசிரியர் போட்டால், நீ கோலாலம்பூரில் இதைப் படிக்கும் காலையில் இதே தாளை நான் சுங்கை ஆயர் தாவாரில் யாரிடமாவது நீட்டிக்கொண்டிருப்பேன். இதைப் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு தகப்பன் இருப்பார். அவருக்கும் ஒரு தவுக்கே இருப்பார்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். என் சுற்றை இன்னும் சில வருஷம் ஓட்ட வேண்டும். விடியும் முன் கோலாலம்பூரிலிருந்து வரும் லோரியில் பத்திரிகைக் கட்டை இறக்கி, பின்னால் கட்டிக்கொண்டு, படகில் ஆற்றைக் கடந்து, பாசிர் பெனம்பாங் தாண்டி, வடக்கே சபாக் வரைக்கும் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக. பஸ் பெரிய ரோட்டோடு போய்விடும். தோட்டத்துக்குள் போக மாட்டேன் என்கிறது. கம்யூனிஸ்டுகளோடு சண்டை மூண்டு அவசரகாலம் வந்ததிலிருந்து, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. வெளியே என்ன நடக்கிறது என்பதை ஒரு தாள்தான் உள்ளே கொண்டுபோகிறது. அந்தத் தாளை நான் கொண்டுபோகிறேன். இதைப் பெரிய சேவை என்று நான் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த வேலை இது. காலையில் எழுந்தால் என் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது.

அந்தக் கால்தான் இப்போது பிரச்சினை. அதை நான் மறுக்கவில்லை. பெரிய வண்டியைக் கிளப்புவது உனக்குத் தெரியும். உதைப்பானைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டும். தவறினால் அது திருப்பி உதைக்கும். பனியில் நனைந்த காலைகளில் மூன்று தடவை, நான்கு தடவை. அதற்குள் முழங்கால் வீங்கிவிடும். ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும். நிறுத்தாமல் ஓட்டவும் முடியாது. ஒவ்வொரு தோட்டத்து வாசலிலும் இரண்டு தடுப்புக் கட்டைகள். முதல் கட்டையைத் தாண்டியதும் என்ஜினை அணைத்துவிட்டு இறங்க வேண்டும். இரண்டாவது கட்டை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அங்கே சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று பத்திரிகைக் கட்டைப் பிரிப்பார்கள். இருக்கையைக் கழற்றுவார்கள். பெட்ரோல் தொட்டியில் கம்பியை விட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடவை உன் அம்மா கட்டிக் கொடுத்த இட்லியைக் கூடத் தூர எறிந்துவிட்டார்கள். போகும்போதும் தள்ள வேண்டும். வரும்போதும் தள்ள வேண்டும்.

போன மழைக்காலத்தில் அப்படித் தள்ளும்போதுதான் விழுந்தேன். செம்மண் சேறு. வண்டி என் பக்கமாகச் சாய்ந்தது. தாங்க முடியும் என்று நினைத்தேன். தாங்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் கால். பத்திரிகைகள் சேற்றில் பரவிக் கிடந்தன. வாசலில் காவலுக்கு நின்ற யூசோப் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். காவலர்கள் துப்பாக்கியைக் கீழே வைக்கக் கூடாது. அவனுக்கு உன் வயதுதான். லயத்தை ஒட்டிய மலாய்க் கிராமத்தில் வளர்ந்தவன், நம் தமிழ் நன்றாகப் பேசுவான். "ஆனே, இந்த எருமைய வித்துடு லா" என்று சொல்லிக்கொண்டே தூக்கிவிட்டான். அண்ணே என்பதைத் திரித்து மலாய்க்காரர்கள் நம்மை ஆனே என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாயில் அது பாசமாக ஒலிக்கும்.

அவன் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. உனக்கு அப்படிப் படவில்லை. வண்டியை மாற்றப் போகிறேன் என்றதற்கு நீ எழுதிய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முதல் பக்கத்தில், ரோடு ஆபத்து, பஸ்ஸை எரிக்கிறார்கள், வண்டியே வேண்டாம், எங்களோடு வந்து இருங்கள் என்கிறாய். உன் பயம் பொய்யில்லை. அந்த எரிந்த பஸ்ஸை நானும் பார்த்தேன், அதைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். ஆனால் இரண்டாம் பக்கத்தில், ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பெரிய வண்டியையே ஓட்டுங்கள், இந்த நேரத்தில் சின்ன வண்டிக்கு மாறினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிறாய். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று உன் மாமனார் பெரிய வண்டியின் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "சிங்கம் மாதிரி நிக்குது" என்றார். அது உனக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் சிங்கத்தைச் சேற்றில் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். மகனே, ஏதாவது ஒரு பக்கத்தில் நில். என் உயிர் முக்கியம் என்றால் சின்ன வண்டியைப் பார்த்துச் சந்தோஷப்படு. தொட்டியின் பளபளப்பு முக்கியம் என்றால் அதையாவது நேராகச் சொல்.

தவுக்கே கொடுக்காவிட்டால் உலகத்தில் வேறு வண்டி இல்லையா? பாசிர் பெனம்பாங்கில் கருவாட்டு வியாபாரம் செய்யும் பாயைத் தெரியுமல்லவா, நாகூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு மூட்டை பெருகிவிட்டது. சின்ன வண்டியை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். எனக்கு அவருடையது வேண்டும், அவருக்கு என்னுடையது வேண்டும். ஓட்டிப் பாரும் என்று சாவியை நீட்டினார். நான் ஓட்டவில்லை. ஆற்றங்கரைச் சேற்றுக்குள் இறக்கினேன். தள்ளினேன். படகில் ஏற்றும் பலகை மேல் ஏற்றினேன், இறக்கினேன். கடைசியில் சேற்றிலேயே படுக்க வைத்தேன்.

"ஓய், வண்டிய வாங்க வந்தீரா, கொல்ல வந்தீரா?" என்று கத்தினார் பாய்.

படுத்துக் கிடந்ததைத் தனி ஆளாகக் குனிந்து தூக்கி நிறுத்தினேன். மூச்சு வாங்கியது. ஆனால் நின்றது. அதற்குப் பிறகுதான் மாற்றிக்கொள்ளும் பேச்சே.

நீயும் ஒரு நாள் வண்டி வாங்குவாய். இதை மட்டும் கேட்டுக்கொள். ஓட்டிப் பார்த்து வாங்காதே. ஓடும்போது எல்லா வண்டியும் லேசுதான். நின்ற பிறகுதான் வண்டி தன் எடையைச் சொல்லும். பெட்ரோல் தீர்ந்த இடத்தில், வாசலில், மழையில், அதை யார் தள்ளப் போகிறார்கள் என்று பார்த்து வாங்கு. இருபது வயதில் தள்ளுகிறவன் வேறு. அறுபதை நெருங்கும்போது தள்ளுகிறவன் வேறு. வண்டிக்கு இது தெரியாது. நமக்குத் தெரிய வேண்டும்.

உன் அம்மாவும் முதலில் உன் கட்சிதான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின் இருக்கை இல்லை. அந்த இடத்தில் இரும்புச் சட்டம், கட்டு வைக்க.

"நான் எங்க ஒக்காருறது?"

"இதுல ஒரு ஆளுக்குத்தான் எடம்."

"அப்போ பேப்பருக்கு இருக்கு. எனக்கு இல்ல."

பெரிய வண்டியில் என் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியெல்லாம் என் தோளில் தட்டித் தட்டி வேகத்தைக் குறைத்தவள் அவள். சின்ன வண்டியை எடுக்கும்போது நான் எல்லாக் கணக்கும் போட்டேன், அவளைப் போடவில்லை. இப்போது சந்தைக்கு அவள் பஸ்ஸில் போகிறாள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் போகிறேன். கடைசிக் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். மெதுவாக வா என்று கையைக் காட்டுவாள். பஸ்ஸே மெதுவாகத்தான் போகிறது. இருந்தாலும் காட்டுவாள்.

இன்னொன்றையும் நான் கணக்கில் போடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் நீ உனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வாய். எடுத்துக்கொள். 

சின்ன வண்டியில் முதல் நாள். பனி. சபாக் பக்கத்துத் தோட்டம் ஒன்று, யூசோப் காவல் இருக்கும் அதே வாசல். பெரிய வண்டி வளைவைத் தொடும்போதே முதல் கட்டை உயர்ந்துவிடும். அத்தனை வருஷமாகக் கேட்ட சத்தம். தெரிந்த சத்தத்துக்குக் கட்டை ஏறும். தெரியாத சத்தத்துக்குத் துப்பாக்கி ஏறும். அது அங்கே எழுதாத சட்டம். நான் வண்டியின் உயரத்தைப் பார்த்தேன், எடையைப் பார்த்தேன், கட்டு வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சத்தத்தை மறந்துவிட்டேன். நமக்குள் என்ன மாறினாலும் நம்மைப் பார்ப்பவர்களுக்கு நாம் அதே ஆள்தான் என்று ஒரு நினைப்பு. இந்தச் சின்ன வண்டியோ தையல் மிஷின் மாதிரி இரைகிறது. விளக்கும், என்ஜின் தணிந்தால் மங்கும், முறுக்கினால் எரியும். யாரோ பனிக்குள் விளக்கைக் காட்டிக் காட்டி மறைக்கிற மாதிரி. எனக்குக் காதைச் சுற்றித் துண்டு. யூசோப் நிற்கச் சொல்லிக் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. கட்டை ஏறவில்லையே என்று யோசித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போன பிறகுதான் கட்டைக்கு மேலே நீட்டிய துப்பாக்கிக் குழாயைப் பார்த்தேன்.

என்ஜினை அணைத்தேன். கையைத் தூக்கினேன். வண்டி சாய்ந்து காலில் இடித்தது, தாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் எந்த வாசலிலும் நான் இன்னார் என்று சொல்ல வேண்டியிருந்ததில்லை. வண்டிதான் சொல்லும்.

"பேப்பர்!" என்று கத்தினேன். "பேப்பர்! பேப்பர்காரன்!"

"ஆனே?" குழாய் தாழ்ந்தது. "ஆனே, நீயா? எருமை எங்கே?"

"குடுத்துட்டேன். நீதானே விக்கச் சொன்ன?"

அவன் சிரித்தான். பிறகு கட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். "விரல் வெச்சிட்டேன் ஆனே. விரல் உள்ளே வெச்சிட்டேன்" என்று துப்பாக்கி விசையைக் காட்டித் திரும்பத் திரும்பச் சொன்னான். நான்தான் அவனுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

உள்ளே போனால் லயத்தில் ஒருவரும் வெளியே வரவில்லை. வழக்கமாக நான் வண்டியை நிறுத்துவதற்குள் சுற்றி நிற்பார்கள். அன்று நானும் கட்டும் மட்டும். இங்கேயும் கத்த வேண்டியிருந்தது. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் அஞ்சலை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, புருஷனைப் படிக்கச் சொல்லி வரிவிடாமல் கேட்பவள்.

"என்னாண்ணே, யாரோ காச்சட்ட தைக்க மிஷினு கொண்டாந்திருக்காங்கன்னு பாத்தா நீங்களா?"

"ஏன், தைக்கணுமா?"

"வேணாம், வேணாம். யாவாரம் படுத்துருச்சா அண்ணே? பெரிய வண்டி போச்சே?" பிறகு தாளைப் பிரித்து முகர்ந்தாள். "ஐயே, கருவாட்டு வாசம்! இன்னிக்கி என்னா சேதி, நெத்திலி செத்துப் போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி உறுத்தியது. வியாபாரம் படுத்துவிட்டதா? கணக்கு எழுதும் கிராணி கேட்டார். வேலை வாங்கும் மண்டோர் கேட்டார். உடம்பு சரியில்லையா என்று ஒருவர். மகன் கல்யாணச் செலவா என்று ஒருவர். ஒரு மனிதன் பெரியதை விட்டுச் சின்னதை எடுத்தால் அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இந்த ஊரில் அர்த்தம். தன் கைக்கு எது அடங்கும் என்று பார்த்துத் தானே எடுத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கே தோன்றவில்லை, அவர்களைச் சொல்லி என்ன?

அன்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். விட்டுவிடலாம் என்றும் யோசித்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. யூசோப் காட்டிய அந்த விசை கண்ணிலேயே நின்றது. என் பிடிவாதத்துக்காக அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் ஒரு பாரத்தைச் சுமந்திருப்பான். ஆனால் அந்தத் தப்பு வண்டியில் இல்லை, வயதிலும் இல்லை. அறிமுகம் செய்யாமல் போனதில் இருந்தது. புது மருமகளைக் கூட நாம் நாலு வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டுகிறோம்.

அடுத்த ஞாயிறு, வெயில் நன்றாக ஏறிய பிறகு, கட்டு எதுவும் இல்லாமல் கிளம்பினேன். ஒவ்வொரு வாசலிலும் தூரத்திலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், விஷயத்தைச் சொன்னேன். பிறகு வளைவு வரை போய்த் திரும்பி ஓட்டி வந்தேன். காவலர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள், பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி. "இன்னொரு தடவை." போய் வந்தேன். "இப்ப மெதுவா." போய் வந்தேன். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஒருவன் கொசு என்றான், ஒருவன் பம்ப்செட் என்றான். யூசோப் மட்டும் எழுந்து நின்றே கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெயிலில் மேலும் கீழும் ஓட்டிக் காட்டிக்கொண்டு. ஆனால் எல்லா வாசலுக்கும் போனேன். ஆள் மாறினால் மறுபடியும் போகிறேன். இப்போது பனி இருந்தால் காதில் துண்டு கட்டுவதில்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் நீ வீட்டுக்கு வந்தாய். பெண்வீட்டார் கல்யாணப் பத்திரிகை அடிப்பதைப் பற்றிப் பேச வருவதாக இருந்தது. வாசலில் நின்ற சின்ன வண்டியைப் பார்த்தாய். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "இத ஏன் முன்னாடி வெச்சிருக்கீங்க?" என்று அம்மாவிடம் கேட்டாய். வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்கு அருகில் நிறுத்திவிட்டு வந்தாய். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் சிகரெட். ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனாய்.

ஒற்றைக் கையால், மகனே. கவனித்தாயா? பெரிய வண்டியை நீ இரண்டு கையாலும் தள்ளித் திணறியதை நான் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது முழுவதும் அந்தக் கோழிக்கூண்டு வரைக்குமான தூரத்தில் உன் கையிலேயே இருந்தது. நீ அதை மறைப்பதில் குறியாக இருந்தாய். நான் அன்றே வாயைத் திறந்து உன்னைக் கேட்டிருக்கலாம். அவர்கள் முன்னால் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவர்கள் போன பிறகு நானே போய் வண்டியை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். நானும் ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு கை வேண்டியிருந்தது. பரவாயில்லை. இரண்டு கை இருக்கிறது.

உன் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் பஸ்ஸில் வருகிறோம். டாக்சி அனுப்பாதே. பெண்வீட்டார் கேட்டால், அப்பா சின்ன வண்டி வைத்திருக்கிறார், தினமும் ஓட்டுகிறார் என்று சொல். உன் மாமனாருக்கும் என் வயதுதான். அவர் முழங்காலைப் பற்றிக் கேட்டுப் பார், உடனே புரிந்துகொள்வார். கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் தாள் வரும் என்று எல்லாத் தோட்டத்திலும் சொல்லிவிட்டேன். தவுக்கேயிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சக்கரத்துக்குக் காற்றடிக்கக் கூட அந்த மனிதர் உன் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்.

இன்று காலையும் பனிதான். யூசோப்பின் வாசலுக்கு முந்தைய வளைவு. விளக்கு வழக்கம்போல் மங்கி மங்கி எரிந்தது. எதிரே ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அப்போது கட்டையின் கனத்த முனை கீழே இறங்கிக் கல்லில் முட்டும் சத்தம் கேட்டது. கட்டை ஏறிவிட்டது. நான் இன்னும் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சலைக்குத் தெரிந்துவிட்டது, நான் நிறுத்துவதற்குள் வாசலில் நிற்கிறாள். லயத்து நாய்க்குக்கூடத் தெரிந்துவிட்டது, குரைப்பதில்லை. நீ ஒருவன்தான் பாக்கி. அடுத்த தடவை வரும்போது ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் நில். நான் வருவது கேட்கும்.

உன் அப்பா